ஆச்சி சொன்னதும் நான் எழுதியதும்

ஒருவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லுதல் மிக எளிதான காரியம் என்று நாம் எண்ணுகின்றோம். கிளிப்பிள்ளையும் அதனைச் செய்கின்றது. ஆனால், தமிழிலே சொன்னதை ஆங்கிலத்திலே திருப்பிச் சொல்ல நேரும்போது அந்த எளிய காரியம் எத்துணைப் பெரிய பொறுப்பாகிவிடுகின்றது என்பதை என் பதினாறாவது வயதில் நான் கற்றுக்கொண்டேன். கற்பித்தவர் என் ஆச்சி. அவர் ஆங்கிலம் படித்தவர் அல்லர். தமிழிலும் தம் பெயரை எழுதுமளவே அறிந்தவர்.

அது 1960 ஆம் ஆண்டு. வடமராட்சியில் எங்கள் வீட்டுக்கு மேற்கே ஆச்சிக்கு எட்டுப் பரப்புத் தென்னங்காணி ஒன்று இருந்தது. மலாயாவிலே புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்த அப்பு, 1936 ஆம் ஆண்டில் நோயாளியாக ஊர் திரும்பினார். வைத்தியச் செலவுக்குப் பணம் இல்லை. ஆச்சி அந்தக் காணியைத் தம் ‘அண்ணனிடம்’ ஒற்றி வைத்து அறுநூறு ரூபா வாங்கினார். அப்பு பிழைக்கவில்லை. ஒற்றியை மீட்கவும் இயலவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன. அண்ணனும் இறந்துபோனார். அதன் பின் என் தந்தையார் பணத்தைத் தேடிக்கொண்டு சென்று ஒற்றியை மீட்கக் கேட்டபோது, அண்ணனுடைய மக்கள் பணத்தைத் தொட மறுத்தனர். “காணி எங்கள் ஐயாவுடையது, அவர் ஆண்ட காணியை நாங்கள் ஆளுகிறோம்” என்றனர்.

விடயம் பிரக்கிராசியாரிடம் சென்றது. அந்நாளில் வழக்குப் பத்திரங்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. அன்றியும், எங்களுக்காகப் பேசுவதற்குக் கொழும்பிலிருந்து ஓர் அப்புக்காத்தர் வருவதாக ஏற்பாடு. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகையால் பிரக்கிராசியார் என்னைப் பார்த்து, “தம்பி, நீர் ஆங்கிலம் நன்றாகப் படிக்கிறவர் என்று கேள்வி. ஆச்சி சொல்வதைக் கேட்டு, அவருடைய வாக்குமூலமாகவே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வாரும்” என்றார்.

எனக்கு உண்டான பெருமிதத்தை என்னென்று சொல்வேன்! பள்ளிக்கூடத்தில் ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு பெற்றிருந்தேன். இரவு அரிக்கன் லாம்பைப் பக்கத்தில் வைத்து, ஆச்சியை எதிரே இருத்தி, எழுதத் தொடங்கினேன். ஆச்சி நிதானமாகச் சொன்னார். நான் வேகமாக எழுதினேன். அவர் ஒரு முறை சொன்னதை இரண்டாம் முறை சொன்னால் எனக்குச் சலிப்பு உண்டாயிற்று. அவர் தயங்கிய இடங்களில் நானே வாக்கியத்தை முடித்தேன். முடிவில் நாலு பக்கம் வந்தது. எழுத்து முத்துமுத்தாக இருந்தது. ஆச்சிக்கு அதனைப் படித்துக் காட்டவேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அவர் சொன்னது அவருக்குத் தெரியாதா என்ன?

மறு வெள்ளிக்கிழமை பிரக்கிராசியார் வீட்டு விறாந்தையில் போய் அமர்ந்தோம். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பத்திரத்தையும் உரியவர் முன்னிலையில் உரத்து வாசியாமல் அனுப்பமாட்டார். மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு என் ஆங்கிலத்தை வாசிக்கத் தொடங்கினார். ஆச்சி, கோயிலில் ஐயர் மந்திரம் சொல்லும்போது நிற்பதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டு பக்தியுடன் கேட்டுக்கொண்டிருந்தார். நானோ, எந்த இடத்தில் பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

முதற் பக்கத்தின் நடுவிலே ஆச்சி கையை உயர்த்தினார்.

“ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. பிறதர் என்று வாசித்தீர்கள். யாருக்குப் பிறதர்?”

அப்புவுடன் மலாயாவில் ஆறு ஆண்டுகள் இருந்தவரல்லவா? அயல் வீடுகளில் கேட்ட பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் அவர் காதில் தங்கியிருந்தன. அவற்றுள் அதுவும் ஒன்று.

“உங்களுக்குத்தான் அம்மா. காணியைப் பிடித்தவர் உங்கள் பிறதர்தானே?”

“எனக்கு ஏது ஐயா பிறதர்? என் தாயின் வயிற்றில் நான் ஒருத்தியே பிறந்தேன்!”

விறாந்தையில் ஒரு கணம் பேச்சில்லை. பிரக்கிராசியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஆச்சியைப் பார்த்தேன். “நீங்கள்தானே ஆச்சி அண்ணன் என்று சொன்னீர்கள்?” என்றேன்.

“சொன்னேன். இப்போதும் சொல்லுகிறேன். அவர் என் பெரியப்புவின் மகன். எனக்கு அண்ணன். கூடப்பிறந்த அண்ணனிலும் மேலானவர். ஆனால் கூடப்பிறந்தவர் அல்லர்.”

அப்போதும் எனக்கு என் பிழையின் அளவு தெரியவில்லை. பிரக்கிராசியார்தாம் விளக்கினார். அந்தக் காணி ஆச்சியின் தந்தையார் வழி வந்த முதுசம். ஆச்சி ஒரே பிள்ளை. ஆகவே காணி முழுவதும் அவருக்கே. உடன்பிறந்த தமையன் ஒருவர் இருந்தார் என்று அவருடைய வாக்குமூலமே சொல்லுமானால், பெற்றோரின் முதுசத்தில் அந்தத் தமையனுக்கும் உரிமையுண்டு என்று எதிர்த்தரப்பார் எழுந்து நிற்பார்கள். “ஒரு சொல்லால் உம்முடைய ஆச்சிக்கு ஒரு தமையனைப் பெற்றுக் கொடுத்துவிட்டீர், தம்பி” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு மேல் முழுவதும் வியர்த்தது.

அதன் பின்னர் அவர் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் வாசித்து, அதன் பொருளைத் தமிழில் ஆச்சிக்குச் சொல்லி, “இது நீங்கள் சொன்னதுதானா?” என்று கேட்கலானார். இரண்டாம் பக்கத்தில் இன்னொரு குழி இருந்தது. “அன்று தொடக்கம் அண்ணன்தான் காணியை ஆண்டு அனுபவித்து வந்தார்” என்பது ஆச்சியின் சொல். காணி உறுதிகளிலே வழங்கும் பழைய தொடர் அது. காணியைக் கையில் வைத்திருந்து பயன் எடுத்தார் என்பதே அதன் கருத்து. ஆளுதல் என்றால் உரிமையாளனாயிருத்தல் என்று நினைத்த நான், அவர் காணிக்குச் சொந்தக்காரராயிருந்தார் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டேன்.

“ஐயோ! நான் அப்படிச் சொல்வேனா? தேங்காய் பிடுங்கினார், ஓலை எடுத்தார். வட்டிக்குப் பதிலாக விளைவை எடுத்தார். காணி என்னுடையது” என்றார் ஆச்சி.

ஒற்றியின் இயல்பே அதுதான். கடன் கொடுத்தவர் காணியைத் தம் கையில் வைத்துக்கொண்டு, வட்டிக்குப் பதிலாக விளைவை எடுப்பார். முதலைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் காணி உரியவரிடம் திரும்பும். நான் அதற்கு எழுதிய ஆங்கிலச் சொல்லோ ஈடு என்று மட்டும் பொருள்படுவது. காணி யார் கையில் இருந்தது, ஏன் இருந்தது என்பதை அது சொல்லாது. 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்றின்படி, பிறர் உரிமையை ஏற்காமல் ஒரு காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றித் தம் கையில் வைத்திருப்பவர் அதற்கு உரிமை கேட்கலாம். எதிர்த்தரப்பாரின் வாதமும் அதுவே. என்னுடைய நாலு பக்க ஆங்கிலமும் அவர்களுக்காகவே எழுதியதுபோல இருந்தது.

நான் பேனாவை எடுத்து, ‘பிறதர்’ என்பதை வெட்டிவிட்டுக் ‘கசின்’ என்று எழுதப் போனேன். ஆச்சி விடவில்லை. “அது என்ன சொல்?” என்று கேட்டார்.

“பெரியப்புவின் மகனும் கசின், மாமாவின் மகனும் கசின், மச்சாளும் கசின்தான் ஆச்சி” என்றேன்.

ஆச்சி முகத்தைச் சுளித்தார். “இதென்ன மோனை பேச்சு? மச்சானும் அண்ணனும் ஒன்றா? மச்சானைக் கலியாணம் முடிக்கலாம். அண்ணனை முடிக்கலாமோ? செத்துப்போன மனுசனை அப்படிச் சொல்லி அவமானப்படுத்தாதே. அவருடைய பிள்ளைகள் என்னோடு வழக்காடினாலும் அவர் எனக்கு அண்ணன்தான்.”

ஒரு சொல் அவரை உடன்பிறந்தவராக்கிற்று. மற்றச் சொல் அவரை அயலாராக்கிற்று. இரண்டும் ஆச்சியின் சொல் அல்ல. நான் செய்வதறியாமல் இருந்தபோது பிரக்கிராசியார் என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். “என் தகப்பனாரின் தமையனுடைய மகன், நான் அண்ணன் என்று அழைப்பவர்” என்று நீட்டி எழுதினார். அண்ணன் என்ற சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் வைத்தார். ஒற்றி என்ற சொல்லையும் அவ்வாறே வைத்து, பக்கத்தில் அதன் கருத்தை இரண்டு வரியில் எழுதினார்.

“தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்துக்குள் வைக்கலாமா, ஐயா?” என்று கேட்டேன். அது என் வகுப்பு ஆசிரியர் கண்டிக்கும் குற்றம்.

அவர் எழுந்து சென்று, அலுமாரியிலிருந்து தடித்த சட்டப் புத்தகமொன்றைக் கொண்டுவந்தார். தேசவழமை வரலாற்றை அன்றுதான் முதன்முதற் கேட்டேன். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், தேசாதிபதி சைமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து மக்களின் வழமைகளைத் தொகுத்தார். அவர் இவ்விடத்திலே முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து பழகியவர். 1707 ஆம் ஆண்டில் அத்தொகுப்பு ஒல்லாந்த மொழியில் முடிந்தது. அதனை அப்படியே சட்டமாக்கிவிடவில்லை. தமிழிலே மொழிபெயர்ப்பித்து, பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்து, இது உங்கள் வழமைதானா என்று கேட்டார்கள். அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே அது நிலைபெற்றது. பின்பு ஆங்கிலேயர் காலத்தில், 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தினால், அது சட்ட வலுப் பெற்றது; ஆங்கிலத்திலும் வந்தது.

“ஆங்கிலத்திற் போட்டவர்களும் சில சொற்களுக்குக் கை வைக்கவில்லை, பாரும்” என்று விரலால் காட்டினார். முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி — எல்லாம் ஆங்கில எழுத்திலே தமிழாகவே நின்றன. 1911 ஆம் ஆண்டில் சட்டசபை இயற்றிய யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்திலும் தேடியதேட்டம் தேடியதேட்டமாகவே இருக்கின்றது. கணவனும் மனைவியும் இல்லறத்திலே தேடிய பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை யார் தருவார்? ஆங்கிலம் கற்ற நீதியரசர்களும் அந்தச் சொல்லை நாவால் உச்சரித்தே தீர்ப்பு எழுதினார்கள்.

வீடு திரும்பும்போது நான் பேசவில்லை. ஆச்சிதான் பேசினார். “தம்பி, மனம் நோகாதே. அயல்வீட்டில் கொத்தரிசி இரவல் வாங்கினால், அந்த வீட்டுக் கொத்தாலேயே அளந்து கொடுக்கவேண்டும். எங்கள் கொத்துச் சிறிதாயும் இருக்கலாம், பெரிதாயும் இருக்கலாம். கொடுக்கும்போது அவர்கள் பார்த்திருக்க அளக்கவேண்டும். சொல்லும் அப்படித்தான்.”

வழக்கு இரண்டு ஆண்டுகள் நடந்தது. ஆச்சியின் வாக்குமூலத்தை ஒரு நாள் பிரக்கிராசியார் எதிர்த்தரப்பாருக்கும் தமிழிலே வாசித்துக் காட்டினார். “கூடப்பிறந்த அண்ணனிலும் மேலானவர்” என்ற வரியும் அதில் இருந்தது. அண்ணனுடைய மூத்த மகன் அதைக் கேட்டுச் சற்று நேரம் தலை குனிந்திருந்து, “மாமி எங்கள் ஐயாவைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லவில்லை” என்றாராம். பின்னர் சமாதானமாயிற்று. அவர்கள் அறுநூறு ரூபாவைப் பெற்றுக்கொண்டு காணியை விட்டார்கள். கிணற்றடிப் பக்கம் ஒரு பரப்பை ஆச்சி தாமாகவே அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். என் முதற் பிரதி அன்று கொழும்புக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் பல இரவுகள் எண்ணிப் பார்த்ததுண்டு.

காலம் என்னை மொழிபெயர்ப்பு உத்தியோகத்திலேயே கொண்டுபோய் வைத்தது. முப்பது ஆண்டுகள் பிறர் சொற்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் சுமந்தேன். மொழி கற்கும் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் இரண்டொன்று சொல்லுகிறேன். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகளில் நாம் ஏறி இறங்குகிறோம். ஆங்கிலத்துக்கு இன்று ஒரே படிதான். “அவன் என்னை நீ என்று சொன்னான்” என்று ஒரு முதியவர் முறைப்பாடு செய்தால், அதனை ஆங்கிலத்தில் அப்படியே எழுதினாற் கேட்பவர் சிரிப்பார். அந்த முதியவர் பட்ட அவமானம் அங்கே வந்து சேராது. நாம், நாங்கள் என்ற இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். “நாங்கள் பணம் கொடுத்தோம்” என்றால் கேட்பவர் கொடுக்கவில்லை; “நாம் கொடுத்தோம்” என்றால் அவரும் கொடுத்தார். ஒரு கூட்டுக் கடன் வழக்குக்கு இந்த வேறுபாடு போதும்.

இவற்றுக்கெல்லாம் அகராதி முழு மருந்தாகாது. எழுதியதை உரியவரிடம் கொண்டுபோய், “நீங்கள் சொன்னதாக நான் இதைச் சொல்லியிருக்கிறேன், சரிதானா?” என்று கேட்பதே மருந்து. நேரம் போகும். சில வேளை நம் அறியாமையும் வெளிப்படும். சொல்லுக்கு உரியவர் படியாதவர் என்றால், படித்த நாம் அவரிடம் சென்று சரிபார்ப்பதா என்ற செருக்கு உள்ளே தலை தூக்கும். பதினாறு வயதில் என்னிடமிருந்த பிழை ஆங்கிலக் குறைவினால் வந்ததன்று. அந்தச் செருக்கினால் வந்தது.

இதனை இப்போது எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2023 ஆம் ஆண்டில் ரொறன்ரோவிலே என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். ஒரு மாலைப் பொழுதில் பல்கலைக்கழகத்திற் படிக்கும் பேத்திக்கு ஆச்சியின் கதையைச் சொன்னேன். அவள் அங்கேயே பிறந்தவள். சனிக்கிழமை வகுப்புகளில் தமிழ் கற்றவள். கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள்.

இரண்டு கிழமைகளின் பின் எனக்கு உடல்நலம் குன்றியது. பேத்தி என்னை வைத்தியரிடம் அழைத்துச் சென்றாள். என் ஆங்கிலம் ஏட்டிலே நடக்கும். நோய்ப்பட்டிருக்கும்போது வாயிலே வராது. ஆகவே நான் தமிழில் சொல்ல, அவள் வைத்தியருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். “நாலைந்து நாளாக இளைக்கிறது. படி ஏறினால் இன்னும் கூட இளைக்கிறது” என்றேன். அவள் சொன்னாள். வைத்தியர் எழுதிக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போக அவர் வாயெடுத்தபோது, அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அம்மப்பா, நீங்கள் மெலிந்துகொண்டு போகிறீர்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன். அது சரிதானே? ஆனால் படி ஏறினால் எப்படி மெலிவது?”

“இல்லைப் பிள்ளை. மூச்சு வாங்குகிறது. அதைத்தான் எங்கள் ஊரில் இளைப்பு என்போம்.”

அவள் முகம் மாறியது. உடனே திருத்திச் சொன்னாள். வைத்தியரும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து என் மார்பிற் குழாயை வைத்தார். அன்றே இருதயப் பரிசோதனைக்கு அனுப்பினார். அடைப்பொன்று இருந்தது. காலத்துடன் கண்டதனால் சிகிச்சை பெற்று, எண்பது வயதைக் கடந்தும் இதனை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பும் வழியில் வாகனத்தில் அவள் நெடுநேரம் பேசவில்லை. 1960 ஆம் ஆண்டில் நான் இருந்ததுபோலவே இருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து, “நீ பிழையாகச் சொன்னாய் என்று நினைத்துக் கவலைப்படாதே. நான் அன்று என் ஆச்சியிடம் கேட்கவில்லை. நீ என்னிடம் கேட்டாய்” என்றேன்.

“பூட்டம்மாவின் கொத்து ஞாபகம் வந்தது, அம்மப்பா” என்றாள் அவள்.

ஆச்சியின் கொத்து இப்போது எங்கள் வீட்டில் இல்லை. இடப்பெயர்வுகளில் எத்தனையோ பொருள்களுடன் அதுவும் போயிற்று. அளவு மட்டும் எங்களிடம் இருக்கின்றது.